தாமதப் பதிவேடு

ஜூலை மாதத்தில் எங்கள் பள்ளி
விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும்.
எட்டு மணிக்கு மணியடிப்பது நான்.
எட்டு ஐந்துக்கு முன்வாசலைச் சாத்துவதும் நான்.
அதற்குப் பிறகு வருகிறவர்கள்
என் மேசைமுன் நின்று
காரணம் சொன்னால்தான் சீட்டு.

புந்தா அரேனாஸில் காரணத்துக்கா பஞ்சம்?
காற்று என்பார்கள் முதலில்.
பொய்யென்று தள்ள முடியாது.
தெருமுனையில் கட்டிவிட்ட கயிற்றைப் பிடித்தபடி
ஆள் பின்னால் ஆளாக
அவர்கள் குனிந்து வருவதைச்
சன்னலில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.
போன வாரம் மிலென்கா வரைந்து வந்த நிலப்படம்
கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு
நேரே நீரிணைக்குப் போய்விட்டது.
படத்தில் அவள் தப்பாக வரைந்திருந்ததும்
அந்த நீரிணையைத்தான்.

பூட்டு உறைந்துவிட்டது.
நாய் கூடவே வந்தது, திரும்பக் கொண்டுபோய் விட்டேன்,
மறுபடியும் வந்தது.
அப்பா நண்டுப் படகில் போயிருக்கிறார்,
தம்பிக்கு நான்தான் பூட்ஸ் மாட்டவேண்டும்,
அவன் காலை மடக்கிக்கொள்கிறான்.
கடிகாரம் சரியாகத்தான் அடித்தது செஞோரா,
நான்தான் சரியாக இல்லை.
இதைச் சொன்ன பெண்ணுக்குக்
கணக்கில் ஏழுக்கு இரண்டு.
அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

யெர்கோ பாரியா மட்டும்
காரணமே சொல்லமாட்டான்.
ஏதாவது சொல்லுடா, கட்டம் காலியாக இருக்கக்கூடாது.
சும்மா என்று போட்டுக்கோங்க.
மார்ச்சிலிருந்து அவன் பெயருக்கு நேரே
சும்மா, சும்மா, சும்மா.
என் கையெழுத்து நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்து
கடைசியில் வெறும் ‘சு.’

அவன் காதுமடலில் மாவு ஒட்டியிருக்கும்.
நான்கு மணிக்கு எந்தெந்த ரொட்டிக்கடையில்
விளக்கு எரியுமென்று இந்த ஊரில்
யாருக்குத்தான் தெரியாது?
நான் கேட்டதில்லை.
கேட்டால் எழுதவேண்டும்,
எழுதினால் அது மேலே போகும்.

மூன்றாம் பாடவேளையின் நடுவில் விடியும்.
ஒயார்சுன் டீச்சர் இயற்பியலை நிறுத்தி
விளக்கை அணைப்பாள்.
முப்பத்தாறு பேரும் சன்னல்பக்கம் சாய்வார்கள்.
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருக்கும்.
தகரக் கூரைகள் ஒவ்வொன்றாய்ச் சிவப்பு, பச்சை என்று
தத்தம் நிறத்துக்குத் திரும்பும்.
எவனாவது ஒருவன் கைதட்டுவான்,
எவளாவது ஒருத்தி அவனை வாயை மூடச் சொல்வாள்,
தட்டியது கையென்றாலும்.
கடைசி பெஞ்சில் யெர்கோ
முகத்தில் வெயில் விழுந்தது தெரியாமல் தூங்குவான்.
அந்த இரண்டு நிமிடம்
அவனை யாரும் எழுப்புவதில்லை.
அப்புறம் விளக்கைப் போட்டு
எழுப்பித் திட்டுவார்கள். அது வேறு.

வியாழக்கிழமை நான் தாமதம்.
பனியென்று சொல்லலாம், சக்கரம் வழுக்கியதென்று சொல்லலாம்.
உண்மையில் ஏழரைக்கே வந்துவிட்டேன்.
அடுத்த தெருவில் வண்டியை நிறுத்தி
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
வீட்டில் யாரும் சாகவில்லை.
எதுவும் நடக்கவில்லை.
இறங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சாவி என் பையில்.
வாசலில் நாற்பது பிள்ளைகள்,
இருட்டில், கயிற்றோடு கயிறாக.
அன்றைக்கென்று பார்த்து
யெர்கோ சரியான நேரத்துக்கு வந்திருந்தான்.
கதவைத் திறந்ததும் முதல் ஆளாய் உள்ளே போய்
என் நாற்காலியில் உட்கார்ந்து
பதிவேட்டைத் திறந்தான்.
காரணம், செஞோரா?

பின்னால் சிரிப்பு.
நானும் சிரிக்கப் பார்த்தேன்.
வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை.
பின்னால் சிரிப்பும் நின்றுபோனது.

அவன் என்னைப் பார்த்தான்.
பிறகு குனிந்து எழுதினான்.
இந்த ஊரில் எல்லாரும் செய்கிற அதே பிழையோடு
வுகாசோவிச் என்ற என் குடும்பப்பெயர்,
அதற்கு நேரே
முழுசாக, ஒரு எழுத்தும் சுருக்காமல்,
சும்மா.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

மணியடித்தேன்.
எட்டு இருபத்தொன்று.
விடிய இன்னும்
ஒன்றரை மணி நேரம் இருந்தது.